சபியா உம்மாவின் வலது தோள்

கல்முனைக்குடியில் மௌத்தான பெண்கள் எவருக்கும் சபியா உம்மாவின் மீது முறைப்பாடு கிடையாது. உயிரோடிருப்பவர்களுக்குத்தான் உண்டு. வாய் நீளம் என்பார்கள். கலியாண வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தால் மணப்பெண்ணின் தாய்க்கு ஒரு கணம் முகம் சுருங்கும். பிறகுதான் "வாங்க ராத்தா" என்று சிரிப்பு வரும். மௌத்தானவர்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிற கை, ஒரே சஹன் தட்டில் தங்களோடு சேர்ந்து சோறு பிசைவதை எல்லோராலும் ரசிக்க முடிவதில்லை. அதே தாய், தன் வீட்டில் ஒரு பெண் கண்ணை மூடிவிட்டால், அழுகையைப் பாதியில் நிறுத்தி, "சபியா ராத்தாவுக்குச் செல்லியாச்சா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

நாலு பக்கமும் சேலை கட்டிய மறைப்புக்குள் நுழைந்துவிட்டால் சபியா உம்மா வேறு ஆள். அந்த நீளமான வாய் வெளியிலேயே கழற்றி வைக்கப்படும். உள்ளே பார்த்தது எதுவும் வெளியே வராது. யாருடைய முதுகில் என்ன தழும்பு, யாருடைய வயிற்றில் என்ன கட்டி என்பதெல்லாம் அவரோடு கிடந்தது. அழவும் மாட்டார். சொந்தத் தாயைக் குளிப்பாட்டியபோதும் அழவில்லை. அதை ஊர் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொண்டது. மையித்தின் மேல் கண்ணீர் விழக்கூடாது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அழுகிற கை சுத்தம் செய்யாது என்பார்கள்.

அந்த மறைப்புக்குள் அவர் தனியாக இருந்ததில்லை. மூத்த சகோதரி சல்மா உம்மா தண்ணீர் வார்ப்பார், இவர் தேய்ப்பார். இருபக்கமும் நின்று ஒரு பேச்சும் இல்லாமல் வேலை நடக்கும். மையித்து விறைத்துப் போயிருந்தால் மட்டும் சபியா உம்மா எண்ணெய் தொட்டு, மூட்டு மூட்டாக மடக்கி நீட்டி இளக்குவார். அப்போது மாத்திரம் ஒரு சத்தம் வரும். "உடுகா. உட்டுத் தாகா" என்பார், அழுகிற பிள்ளையிடம் கத்தியை வாங்குகிறவர் போல. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் இருவருக்கும் வாய் திறக்கும்.

"நான் முந்திப் போனா நீதான் என்னக் குளிப்பாட்டணும்," என்பார் சல்மா உம்மா. "ஆனா மெல்லமாத் தேய். உன்ட கைக்கு மையித்துக்கே தோல் உரியும்."

"நீங்க முந்திப் போவீங்களா? உசிரெடுக்க வாற அஸ்ராயீலே உங்களுக்குப் பயந்துதான் மத்தத் தெருவால போறாரு."

இருவருக்கும் இடையில் இருந்த ஒரே ஒப்பந்தம் அதுதான். முந்திப் போகிறவளை மற்றவள் குளிப்பாட்டுவது.

கொரோனா வந்த ஆண்டில் சல்மா உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. சுகாதாரப் பரிசோதகர் வந்தார், அம்புலன்ஸ் வந்தது. முகத்தை மறைத்த ஆட்கள், அயலார் யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, அவரை ஏற்றினார்கள். தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நோயில் இறந்தவர்களை, எந்த மார்க்கத்தவராக இருந்தாலும், எரிக்க வேண்டும் என்று நாட்டில் உத்தரவு இருந்த காலம். சபியா உம்மாவின் மருமகன் பஸால் மட்டும் போனார். கல்முனை பஸாரில் கைபேசிக் கடை வைத்திருப்பவர். எந்தப் பழுதுக்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவர். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்.

"முகத்தக் காட்டினாங்களா?" என்று கேட்டார் சபியா உம்மா.

"இல்ல மாமி. பெட்டி மூடிக் கெடந்த."

"தண்ணி?"

பஸாலுக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்கியபோது முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. கொள்ளைநோயில் போனவர் ஷஹீது, உயிர்த்தியாகி என்றார்கள். சாம்பலையும் ஒன்றுசேர்க்க அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றார்கள். நம்மால் ஏலாத கடமைக்கு நம்மிடம் கேள்வி இல்லை என்றார்கள். சபியா உம்மா எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். மார்க்கம் தெரிந்த மனுசி. சொன்னதில் பிழை இல்லையென்று அவருக்குத் தெரியும். நாக்கு ஒப்புக்கொண்டது. வலது தோள் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் அது தலைமுடி முடிவதற்கு மறுத்தது. பிறகு கொடியில் துணி போட மறுத்தது. சில மாதங்களில் கை முழங்கையிலிருந்து கீழே மட்டும் வேலை செய்தது. மேலே யாரோ உள்ளிருந்து கதவைச் சாத்திப் பூட்டியதுபோல. தொழுகையில் தக்பீர் கட்டும்போது இடது கை தோள்வரை எழும்பும். வலது கை இடுப்பருகே வெட்கப்பட்டு நிற்கும்.

கிளினிக்கில், இந்த வயதில் பெண்களுக்கு வருகிற தோள் இறுக்கம், ஓரிரு வருடத்தில் தானாக இளகும் என்றார் டொக்டர். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியார் எண்ணெய் தந்தார். ஓதி ஊதிய தண்ணீரும் வந்தது. கடைசியில் மகள் நிப்லா, கொழும்பிலிருந்து உளவளத்துணையாளர் ஒருவர் வந்து நடத்திய பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துக்கம் உடம்பில் தேங்கி நிற்கிறது, உதறினால் போகும் என்று அந்தப் பெண்மணி விளக்கினார். மண்டபம் நிறையப் பெண்கள் ஹபாயா அங்கியோடு நின்று கையையும் காலையும் உதறினார்கள்.

"என்னம்மா, நீங்க உதறல்ல?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"உதறுறதுக்குக் கை எழும்பினா நான் ஏன் மகள் இஞ்ச வாறன்?"

இந்தப் பதில் ஊரில் ஒரு வாரம் ஓடியது. கை மட்டும் அப்படியே கிடந்தது.

கை போனால் என்ன, இடது கையால் செய்யக்கூடாதா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். இடது கை அசுத்தம் கழுவுகிற கை. அந்தக் கையால் தாயின் முகத்தில் தண்ணீர் ஊற்றுவதை எந்த மகளும் பொறுக்கமாட்டாள். சபியா உம்மாவின் தோள் பூட்டிக்கிடப்பது தெரிந்தால் பள்ளிவாசல் வேறொருத்தியைத் தேடும். அதனால் சல்மா உம்மாவின் இடத்துக்கு நிப்லாவைக் கூட்டிக்கொண்டு போனார். மறைப்புக்குள்ளே நிப்லாதான் வார்த்தாள், தேய்த்தாள், புரட்டினாள். சபியா உம்மா தலைமாட்டில் நின்று கண்ணால் வேலை வாங்கினார். வெளியே வரும்போது இரண்டு கைகளையும் நனைத்துக்கொண்டு வருவார். மையித்தின் குறைகளை மூடிவைப்பது குளிப்பாட்டுகிறவளின் கடமை. இங்கே குளிப்பாட்டுகிறவளின் குறையை மையித்து மூடிவைத்தது.

"எத்தின நாளைக்கு உம்மா இப்படி?" என்று நிப்லா ஒருநாள் கேட்டாள். "ஏலாதெண்டு செல்லிட்டு வீட்டுல இரிங்களன். ஆரு உங்களக் குத்தம் செல்லப் போறா?"

"வீட்டுல இரிந்து என்ன செய்ய?"

"தொழுங்க. ஓதுங்க. பெரியும்மாவுக்கு துஆ கேளுங்க."

சபியா உம்மா எழுந்து குசினிக்குப் போய்விட்டார். ஊரில் மௌத்தான எல்லாப் பெண்களுக்கும் துஆ கேட்பவர், தன் ராத்தா சல்மாவின் பெயரை மட்டும் துஆவில் எடுத்ததில்லை. கேட்டால் அவர் மையித்தாகிவிடுவார். மையித்தென்றால் குளிப்பாட்டியிருக்க வேண்டும். இந்த வேலையையும் விட்டுவிட்டால், சொந்தச் சகோதரியைக் குளிப்பாட்டாதவள் என்பது ஒன்றுதான் தன்னிடம் மிஞ்சும் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே ஐந்து நேரமும் தொழுதார், ஒன்றும் கேட்காமல் எழும்பினார்.

நிலைமை இப்படியிருக்க, பெண்களுக்கு ஜனாஸா எனும் இறுதிக் கடமைகளைப் பழக்க வேண்டும் என்று பள்ளிவாசலுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. கொரோனாக் காலத்தில் ஒரு தலைமுறையே அந்த வேலையைக் கண்ணால் காணாமல் போயிற்று என்று காரணம் சொன்னார்கள். மத்ரஸா மண்டபத்தில் ஒரு காலை வகுப்பு. விளக்கம் சொல்ல மார்க்கம் படித்த றிஸ்மியா ஆலிமா. செய்து காட்ட, வேறு யார், சபியா ராத்தா.

நிப்லா வரப்போகும் பெண்களை எண்ணிப் பார்த்தாள். நாற்பது பெண்களின் முன்னால் மறைப்பு ஏது?

சபியா உம்மா வகுப்புக்கு வந்தார். மேசையில் பாய் விரித்து, மையித்தைப் போர்த்தும் கபன் துணி மடித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் கிடையாது, வெறும் கோப்பையால் ஊற்றுகிற பாவனைதான். மையித்தாகக் கிடக்க ஆள் வேண்டும் என்றார் ஆலிமா. மண்டபத்தில் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கீழே விழுந்த ஏதோவொன்றைத் தேட வேண்டியிருந்தது.

"நான் கெடக்கன்," என்றார் சபியா உம்மா.

"நீங்க செய்து காட்டணுமே ராத்தா."

"செய்யிறது இவளுகள். பிழ உட்டா கெடந்துக்கிட்டே எனக்கு விளங்கும். மையித்துக்குத்தான் நல்லாத் தெரியும் ஆரு சரியாக் குளிப்பாட்டுறாண்டு."

பெண்கள் சிரித்தார்கள். நிப்லாவுக்கு மூச்சு வந்தது. கெட்டிக்காரத்தனம்தான்: மையித்து கை தூக்க வேண்டியதில்லை. மேசையில் ஏறி, தொழுகைத் திசையான கிப்லாவுக்கு நேராகக் காலை நீட்டி, கண்ணை மூடினார். தாடையைச் சுற்றித் துணி கட்டினார்கள். ஊரில் பலர் நெடுநாளாக விரும்பிய காட்சி.

"கண்ணையும் வாயையும் மூடியாச்சு," என்றார் ஆலிமா. "இனி என்ன? மூட்டுகள இளக்கணும். கை, கால், விரல் எல்லாம் மெல்லமா மடக்கி நீட்டணும்."

சபியா உம்மா இதை மறந்துபோயிருந்தார். கல்முனைக்குடியில் இதை மறக்கவே கூடாத ஒரே ஆள் அவர்.

வலது பக்கம் நின்றவர் நஜீபா டீச்சர். பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கேள்வி கேட்பதிலிருந்து ஓய்வு பெறாதவர். எண்ணெயைக் கையில் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆலிமா, குளிப்பாட்ட மனசில நிய்யத்து வெக்கணுமே. ஆருட பேருக்கு?"

"பேர் தேவல்ல டீச்சர். இந்த மையித்துக்கு எண்டா போதும்."

"இந்த மையித்து உசிரோட கெடக்கே. உசிரோட இரிக்கிற மனுசிக்கு நான் எப்பிடி மையித்து நிய்யத்து வெக்கிற? நாளைக்கி ஒண்டு நடந்தா என்னத்தான் செல்லுவாங்க."

"ஓம், அதுவும் சரிதான்," என்றது பின்வரிசை.

"சும்மா பழக்கத்துக்குத்தானே, நிய்யத்தே வேணா," என்றாள் ஒருத்தி.

"நிய்யத்தில்லாம செஞ்சா அது என்ன பழக்கம்? சட்டி கழுவுறாப்போலயா?"

தர்க்கம் சூடாகிக்கொண்டு போனது. மேசையில் கிடந்த மையித்து, கட்டிய தாடைக்குள்ளிருந்து, பல்லை நகர்த்தாமல் சொன்னது:

"சல்மா எண்டு வெச்சிக்க."

யாரோ ஒருத்தி பழக்கதோஷத்தில் சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளியதும் நிறுத்தினாள். டீச்சர் உதட்டை அசைத்து நிய்யத்தைச் சொல்லிவிட்டு வலது கையைப் பிடித்தார்.

"டீச்சர், அந்தக் கை..." என்றாள் நிப்லா.

"வலதுலதானே தொடங்கணும் புள்ள?"

விரல்கள் மடங்கின. மணிக்கட்டு மடங்கியது. முழங்கை மடங்கியது. தோளுக்கு வந்ததும் கை நின்றது. டீச்சர் இன்னும் கொஞ்சம் தூக்கினார். கழுத்திலிருந்து விலாவரை கம்பியொன்று சுண்டி இழுத்தது. சபியா உம்மாவின் வாய்க்குள் ஒரு கத்தல் திரண்டு வந்து கட்டிய தாடையில் முட்டிக்கொண்டது. மையித்து கத்தாது. வேண்டாம் என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. தன்னிடம் வந்த அத்தனை பெண்களும் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் கிடந்தார்கள் என்று அப்போது நினைத்தார்.

"இழுக்காதீங்க," என்றார் ஆலிமா. "மையித்துக்கும் நோகும். நீங்க தூக்க வேணா. பாரத்த உங்கட கையில ஏந்திக்கிட்டு நில்லுங்க. அது தானா வரும்."

டீச்சர் ஏந்திக்கொண்டு நின்றார். மற்றக் கையால் தோளில் எண்ணெயைத் தடவினார். பிறகு, வகுப்பில் பிடிவாதம் பிடிக்கிற பிள்ளையிடம் கதைப்பதுபோல், ஆனால் ரகசியமாக, "சல்மா ராத்தா, உடுங்க. உட்டுத் தாங்க," என்றார்.

மையித்தின் வயிற்றில்தான் முதலில் தொடங்கியது. ஒரு சின்ன நடுக்கம், தூரத்தில் லொறி போகும்போது யன்னல் கண்ணாடி அதிர்வதுபோல. அது தொடைக்கு இறங்கியது. முழங்கால்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. மேசை கிறீச்சிட்டது.

"அல்லாஹ்வே, மையித்து நடுங்குது!" என்று கத்திக்கொண்டு முன்வரிசை பின்வரிசைமேல் ஏறியது.

டீச்சர் மட்டும் கையை விடவில்லை. துணிச்சலால் அல்ல, கீழே போட்டால் நோகும் என்பதால். அவருடைய கையில் கிடந்த கை கனத்துக்கொண்டே வந்தது. இத்தனை நாளும் அதைத் தூக்கிப் பிடித்திருந்த ஏதோவொன்று தன் பாரத்தை அவர்மேல் இறக்கிவிட்டது. பின் அந்தக் கை தானாகவே மேலே போனது. காதைத் தாண்டி, தலைக்கு மேலே, பாயின் ஓரம்வரை போய்ப் படுத்தது. தாடைத் துணி நழுவியது. சபியா உம்மாவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை அழுகை என்று சொல்ல முதலில் யாருக்கும் தோன்றவில்லை. நிப்லா தன் உம்மாவிடமிருந்து அப்படியொன்றைக் கேட்டதே இல்லை. கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதுகளை நிறைத்தது. தண்ணீர் இல்லாத அந்த வகுப்பில் அன்று நனைந்தது அது மட்டும்தான்.

என்ன நடந்தது என்பதில் ஊர் இன்னும் ஒத்துப்போகவில்லை. துஆவின் பலன் என்றார் ஆலிமா. டொக்டர் சொன்ன காலக்கெடு முடிந்திருந்தது, அவ்வளவுதான் என்றார் பஸால். உளவளத்துணையாளருக்கு விஷயம் எட்டி, தான் அன்றைக்குச் சொன்னதும் இதுதான் என்று தகவல் அனுப்பினார். டீச்சர், எண்ணெய் நல்லது, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

அன்று மதியம் ழுஹர் தொழுகைக்குத் தக்பீர் கட்டியபோது இரண்டு கைகளும் ஒன்றாக எழும்பின. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு, கையேந்தி, முதல்முறையாக ராத்தாவின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு நின்றுபோனார். மௌத்தானவர்களுக்குக் கேட்கிற துஆ அவருக்கு மனப்பாடம்: கபுறை விசாலமாக்கு, கபுறை வெளிச்சமாக்கு. எரிக்கப்பட்ட ராத்தாவுக்குக் கபுறு இல்லை. விசாலமாக்கவும் வெளிச்சமாக்கவும் ஓர் அடி நிலம் இல்லை. மார்க்கப் படிப்பில் அதற்கு வாசகம் இருந்திருக்கும், அவருக்கு வரவில்லை. "எங்க இரிக்கிறாவோ, அங்க," என்றார் கடைசியில். "உனக்குத் தெரியும் எங்கண்டு." இதற்கு முந்திய தொழுகைகளிலெல்லாம் எதிரில் ஒருவரும் இருக்கவில்லை என்று அவருக்கு அப்போது தெரிந்தது. இப்போது ஒருவன் இருந்தான். அது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருந்த அவன்மேல் அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். அதையும் சொன்னார்.

சில நாள் கழித்துக் கடற்கரைத் தெருவில் ஒரு பெண் மௌத்தானாள். நிப்லாவோடு சபியா உம்மா புறப்பட்டார். கை சரியாகிவிட்டது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மறைப்புக்குள் இலந்தை இலைத் தண்ணீர் தயாராக இருந்தது. வலது கையால் கோப்பையை மொண்டு, உயர்த்தி, மையித்தின் வலது தோளில் ஊற்றினார். கை அவ்வளவு இலேசாகப் போனது. ஊற்றிய தண்ணீர் வழிந்து முழங்கையில் சொட்டுவதைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

முதலில் ஒரு விம்மல். நிப்லா நிமிர்ந்தாள். பிறகு நிற்கவில்லை. முகத்தைத் துடைத்தார், மீண்டும் வந்தது. கோப்பையை இறுக்கிப் பார்த்தார், உதட்டைக் கடித்துப் பார்த்தார். அவரிடம் முன்பிருந்த பூட்டு எதுவும் இப்போது பூட்டவில்லை. ஒரு துளி மையித்தின் நெற்றியில் விழுந்தது.

மௌத்தானவளின் தங்கச்சி மறைப்புக்குள் நின்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுக்கு அழ உரிமை இருந்தது.

"ராத்தா, என்ன இது? எங்கட ராத்தாட மேல கண்ணீர் விழுகுது."

"ஓம் மகள். நிப்பாட்டுறன்."

நிப்பாட்ட முடியவில்லை. இரண்டாவது துளியும் விழுந்தது. அந்தப் பெண் நிப்லாவைப் பார்த்தாள். நிப்லா தன் உம்மாவின் கையிலிருந்து கோப்பையை வாங்கினாள். அந்தக் கை எதிர்ப்பில்லாமல் தந்துவிட்டது.

"உம்மா, நீங்க வெளிய போய் இரிங்க."

"கடைசித் தண்ணிக்கிக் கற்பூரம்..."

"எனக்குத் தெரியும் உம்மா."

அதற்குப் பிறகு இரண்டு வீடுகளில் முயன்று பார்த்தார். இரண்டிலும் அதேதான். மூன்றாவது வீட்டிலிருந்து நேராக நிப்லாவுக்கே சொல்லி அனுப்பினார்கள். தோள் பூட்டிக் கிடந்த காலமெல்லாம் அவரைக் குளிப்பாட்ட அழைத்த ஊர், தோள் திறந்ததும் நிறுத்திவிட்டது. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. வழக்கம் அதுதான், அவரே பலருக்குச் சொல்லிக் கொடுத்த வழக்கம்.

இப்போதும் போகிறார். நிப்லா மறைப்புக்குள் நுழைய, இவர் வெளியே பாயில், பெண்களுக்கு நடுவில் இடம் தேடி உட்காருகிறார். முன்பு அந்தப் பாயைக் கடந்து போகும்போது, "ஒப்பாரி வெக்காதீங்க, ஓதுங்க," என்று அதட்டுவது அவர் வழக்கம். இப்போது அந்தப் பாயில் எல்லோரையும்விட அதிகம் அழுகிறவர் அவர்தான். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கும். வீட்டுக்காரர்களுக்கு இது சங்கடம். சொந்தக்காரரைவிட வந்தவள் அதிகம் அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

போன மாதம் சாய்ந்தமருதில் ஒரு மௌத்து வீடு. நிப்லாவின் பெயர் அந்த ஊர்வரை போயிருந்தது. பாயில் இருந்த ஒரு கிழவி, இவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, மெல்ல நகர்ந்து வந்து கேட்டாள்:

"இந்த வீட்டு மனுசி உங்களுக்கு ஆருகா?"

சபியா உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். மறைப்புக்குள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஆருமில்ல," என்றார். "முகத்தக்கூடக் கண்டதில்ல."

கிழவிக்கு அது போதவில்லைபோலும். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். சபியா உம்மா விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்.